விண்கப்பல் மாடலில் விளக்கு எரிய வைப்பது எப்படி? முதன்முறை கட்டுகிறவர்களுக்கு

பிளாஸ்டிக் விண்கப்பல் கிட்டை (பாகங்களாக வரும், நாமே கட்டும் மாடல்) வாங்கி, அதன் ஜன்னல்களில் வெளிச்சமும் எஞ்சினில் நீல ஒளியும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிட்டையும் பசையையும் இணையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மீதிச் சாமான்களில் பெரும்பாலானவை நாகர்கோவிலிலேயே கிடைக்கும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளக்கு வைப்பதைவிட, வேண்டாத இடத்தில் வெளிச்சம் கசியாமல் அடைப்பதற்குத்தான் அதிக நேரம் போகும். அதனால் முதல் பாகத்தை வெட்டும் முன்பே விளக்கைப் பற்றி முடிவு செய்துவிட வேண்டும். உடலை ஒட்டி மூடிய பிறகு உள்ளே விரல் போகாது.

எந்த கிட் வாங்கலாம்?

பண்டாய் நிறுவனத்தின் விண்கப்பல் கிட்கள் பல பசை இல்லாமலே பொருந்தும். புதியவர்களுக்கு அது பெரிய நிம்மதி. தேவைப்பட்டால் மறுபடி கழற்றலாம். எந்த நிறுவனமாக இருந்தாலும் உள்ளே வெற்றிடம் இருக்கும் கப்பலாகப் பாருங்கள். கையடக்கக் கப்பலில் வயர் ஓட்டுவது பழகிய கைகளுக்கே சிரமம்.

அளவு விகிதத்தையும் கவனியுங்கள். 1/1000 என்றால் 300 மீட்டர் கப்பல் 30 சென்டிமீட்டர் மாடலாக வரும், ஒரு மீட்டர் அகல ஜன்னல் ஒரு மில்லிமீட்டர் ஓட்டையாகும். அதே ஜன்னல் 1/350 கிட்டில் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். எந்த ஓட்டையை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்ற கேள்விக்கெல்லாம் இந்தக் கணக்குதான் பதில்.

சாமான்கள்

பாகங்களை வெட்ட ஒரு நல்ல நிப்பர், கூர்மையான கத்தி, 400, 800, 1000 எண் உப்புத்தாள், பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் மெல்லிய பசை, வயர்களைப் பற்றவைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன், வோல்ட் அளக்க மல்டிமீட்டர். நுண்ணிய வேலைக்கான கருவிகளுக்கு வடசேரிப் பக்கம் போய் விசாரியுங்கள். கோயில் நகைக்குப் பேர்போன இடம் அது. பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் சாமணம், ஊசி அரம், கையால் திருகும் சின்ன டிரில், அதற்கான அரை மில்லிமீட்டர் பிட் எல்லாமே நம் வேலைக்கு அப்படியே ஒத்துவரும். மாடல் கட்டுவதற்கென்று விற்கும் கருவிகளுக்கு இவை எந்த விதத்திலும் குறைந்தவை இல்லை.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குளச்சல், முட்டம் போன்ற இடங்களில் உப்புக் காற்றில் நிப்பரும் கத்தியும் சீக்கிரமே துருவேறும். வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

முதல் படி: கழுவி, ஒட்டாமல் பொருத்திப் பாருங்கள்

அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வர எண்ணெய் மாதிரி ஒன்றைப் பூசியிருப்பார்கள். அதன்மேல் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரில் கழுவிக் காய வையுங்கள். பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டத்திலிருந்து வெட்டும்போது, பாகத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் பாகத்தை ஒட்டி இன்னொரு வெட்டு. ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் வெளிறிப்போகும், சில நேரம் குழியும் விழும்.

பெரிய பாகங்களை மாஸ்கிங் டேப் போட்டு முழுக் கப்பலாகப் பொருத்திப் பாருங்கள். ஜன்னல் எங்கே, எஞ்சின் எங்கே, வயர் எந்த வழியாக ஓடி எங்கே வெளியேறும் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஸ்டாண்டு பொருந்தும் ஓட்டைதான் வயர் வெளியேற நல்ல வழி.

இரண்டாம் படி: வெளிச்சத்தை அடைப்பது

கிட் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். வெள்ளையோ சாம்பலோ, மெல்லிய இடத்தில் வெளிச்சம் ஊடுருவும். அடைக்காமல் விளக்கைப் போட்டால் கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடும் காகித நட்சத்திரம் போல உடம்பு முழுக்க ஒளிரும். நட்சத்திரத்துக்கு அது அழகு. 300 மீட்டர் இரும்புக் கப்பல் அப்படித் தெரிந்தால் பொம்மையாகிவிடும்.

உட்புறம் முழுக்கக் கறுப்பு அடியுங்கள். காய்ந்ததும் இரண்டாவது கோட். அதன்மேல் வெள்ளையோ வெள்ளி நிறமோ அடித்தால் உள்ளே இருக்கும் ஒளி சிதறி எல்லா ஜன்னலுக்கும் சமமாகப் போகும். கறுப்போடு நிறுத்திவிட்டால் அது ஒளியை விழுங்கிவிடும். பசை படவேண்டிய விளிம்புகளில் மட்டும் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பசை வெறும் பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும், பெயின்ட் நடுவில் இருந்தால் பிடிக்காது.

இருட்டறையில் ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் ஒரு எல்இடியைப் பிடித்துச் சோதியுங்கள். ஊசிமுனை அளவு புள்ளி தெரிந்தாலும் அந்த இடத்தில் இன்னொரு கோட். இரண்டு பாகம் சேரும் கோட்டில்தான் கசிவு அதிகம். அங்கே உட்புறமாக அலுமினிய டேப் ஒட்டினால் தீர்ந்தது.

மூன்றாம் படி: ஜன்னல்கள்

பெரிய ஜன்னலுக்கு ஓட்டை போட்டு, உட்புறம் டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள். எல்இடியின் புள்ளி தெரியாமல் மங்கலான வெளிச்சம் மட்டும் வரும். கண்ணாடி போன்ற தெளிவான பாகங்களுக்கு சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் புகைபடியும். ஃபெவிகால் போதும்.

சின்ன ஜன்னலுக்கு ஃபைபர் இழைதான், அதாவது ஒளியைக் கடத்தும் பிளாஸ்டிக் இழை. அரை மில்லிமீட்டர் இழை 1/1000 கப்பலில் அரை மீட்டர் ஜன்னல். இழையைவிட மயிரிழை அளவு பெரிதாக ஓட்டை போட்டு, உள்ளிருந்து வெளியே நீட்டுங்கள். உட்பக்கம் ஒரு சொட்டு ஃபெவிகால். இங்கேயும் சூப்பர் குளூ கூடாது, இழை மொரமொரவென்று ஆகி உடைந்துவிடும். உள்ளே இருக்கும் முனைகளை ஒரு கொத்தாகக் கட்டி, ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்குள் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) ஒரே எல்இடியின் முன்னால் நிறுத்தினால் ஒரு விளக்கு பல ஜன்னல்களுக்குப் போதும். அந்தக் குழாயை மிதமாகச் சூடாக்குங்கள், அதிகச் சூட்டில் இழை உருகும்.

இழையின் வெளிமுனையைப் பெயின்ட் வேலை முடியும்வரை வெட்டாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு உடலோடு ஒட்ட வெட்டலாம். எச்சரிக்கை விளக்குகளுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. முனையை இரண்டு மில்லிமீட்டர் நீட்டி விட்டு, எரியும் ஊதுபத்தியின் கங்கை அருகில் கொண்டுபோங்கள், தொடக்கூடாது. இழை பின்வாங்கி, கடுகில் பாதி அளவு உருண்டையாகத் திரளும். அந்த உருண்டை ஒளியைப் பக்கவாட்டிலும் பரப்பும். வீண் இழையில் பழகிவிட்டுச் செய்யுங்கள்.

கப்பலின் இரு பக்க விளக்குகளின் நிறம்: முன்னோக்கிப் பார்த்தால் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. சின்னமுட்டத்தில் இரவில் கரை திரும்பும் விசைப்படகுகளுக்கும் இதே விதிதான். கற்பனைக் கப்பல்களிலும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகிறார்கள்.

நான்காம் படி: மின்சாரம்

பயப்பட ஒன்றுமில்லை. பழைய யூஎஸ்பி கேபிளை வெட்டினால் வழக்கமாகச் சிவப்பு வயர் பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். மல்டிமீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள். மற்ற வயர்களைத் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கிவிடலாம். கிடைப்பது 5 வோல்ட். வெள்ளை, நீல எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்குச் சுமார் 2. மிச்ச வோல்ட்டை ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். மிச்சத்தை, வேண்டிய கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டர் மதிப்பு வரும். 10 மில்லி ஆம்பியருக்கு வெள்ளை என்றால் 2 ஐ 0.01 ஆல் வகுத்து 200 ஓம். கடையில் அடுத்ததாகக் கிடைப்பது 220. சிவப்புக்கு 330. ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள். எல்இடியின் நீளமான கால் பாசிட்டிவ்.

இருபது எல்இடி போட்டாலும் மொத்தம் 200 மில்லி ஆம்பியர்தான். சாதாரண போன் சார்ஜர் தாராளமாகத் தாங்கும். கரண்டு போன நேரத்தில் பவர் பேங்கில் போட்டால் சில பவர் பேங்குகள் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். இழுக்கிற கரண்டு குறைவாக இருப்பதால் எதுவும் இணைக்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்கின்றன, உங்கள் வயரிங்கில் கோளாறு இல்லை.

ஜன்னல் விளக்கு மங்கலாக இருந்தால்தான் கப்பல் பிரம்மாண்டமாகத் தெரியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜன்னல் எல்இடிக்கு 220க்குப் பதில் 1000 ஓம் போட்டுப் பாருங்கள், கரண்டு 2 மில்லி ஆம்பியராகக் குறையும். முழு வெளிச்சத்தை எஞ்சினுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெதுவெதுப்பான மஞ்சள் கலந்த வெள்ளை, எஞ்சினுக்கு நீலம் நல்ல ஜோடி.

பற்றவைப்பு (சால்டரிங்) வேலையைக் கப்பலுக்கு வெளியே முடியுங்கள். பாலிஸ்டைரீன் 100 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கும், சால்டரிங் முனை 300ஐத் தாண்டும். பற்றவைப்பே வேண்டாம் என்கிறவர்கள் டிசம்பரில் குடில் அலங்காரத்துக்கு விற்கும் செம்புக் கம்பி சீரியல் செட்டை வாங்கலாம். பட்டன் பேட்டரியில் ஓடுவதை அப்படியே அந்தப் பேட்டரிப் பெட்டியோடு பயன்படுத்துங்கள். நேராக யூஎஸ்பியில் கொடுத்தால் கருகிவிடும்.

ஐந்தாம் படி: மூடுவது, வண்ணம் அடிப்பது

எல்லாவற்றையும் இணைத்து ஒரு ராத்திரி முழுக்க எரியவிட்டு, காலையில் தொட்டுப் பாருங்கள். ஏதாவது சுடுகிறதா, எதுவும் அணைந்திருக்கிறதா? சரி என்றால் மட்டும் பசையை எடுங்கள். காற்றோட்டமான இடத்தில் ஒட்டி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். சந்துகளை உப்புத்தாளால் தேய்த்து மறையுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை ஈரத்தில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் பால் படிந்ததுபோல வெளுத்துப்போகும். வெயில் உறைக்கிற முற்பகலைத் தேர்ந்தெடுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் மொட்டை மாடியை மறந்துவிடுங்கள். காற்றாலை சுற்றும் காற்றில் பெயின்டும் நிற்காது, ஈரப் பெயின்டில் தூசியும் ஒட்டும். ஒரு பெரிய அட்டைப் பெட்டியைச் சாய்த்து அதற்குள் வைத்து அடித்தால் போதும். முகக்கவசம் அவசியம்.

ஜன்னல்களை மாஸ்கிங் டேப்பால் மூடி, முதலில் பிரைமர் (பெயின்ட் பிடிக்க உதவும் அடிப்பூச்சு), பிறகு அடிப்படை நிறம். சாம்பலிலேயே மூன்று சாயல் கலந்து வெவ்வேறு தகடுகளுக்கு அடித்தால் கப்பல் பல வருடம் ஓடியதுபோல இருக்கும். 1970களில் ஹாலிவுட் மாடல் கலைஞர்கள் டாங்கி, போர்க்கப்பல் கிட்களின் உதிரி பாகங்களை ஒட்டித்தான் தங்கள் விண்கப்பல்களுக்கு அந்த நுணுக்கத்தைக் கொண்டுவந்தார்கள். உங்கள் கிட்டில் மிஞ்சும் பாகங்களையும் எறியாதீர்கள்.

தகடுகளுக்கு இடையிலான கோடுகளுக்குள் நீர்த்த கறுப்புப் பெயின்டை ஓடவிட்டு, மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். டெக்கால் (சின்னங்களும் எழுத்தும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டி, பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு கோட். பிறகு டேப்பை உரித்து, நீட்டியிருக்கும் இழைகளைப் புது பிளேடால் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். வயரை ஸ்டாண்டு வழியாக இறக்கி, அடியில் ஒரு சுவிட்ச் வைத்து சார்ஜரில் சொருகலாம்.