வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைச்சாத்திடும்போது விடக்கூடாத பிழைகள்

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது என்று படத்தோடு செய்தி வந்தால், அடுத்த நாளே பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "சேர், நாங்க எப்ப போகலாம்?" அந்தத் தாளில் பெரும்பாலும் யாரையும் எங்கேயும் அனுப்புவதாக எழுதியிருக்காது. சேர்ந்து வேலை செய்ய விருப்பம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்வது மட்டுமே அது. எத்தனை பேர், எந்தப் பாடம், செலவு யாருடையது என்பதெல்லாம் பிறகு தனித்தனியாக எழுதவேண்டிய ஒப்பந்தங்களில்தான் வரும். முதலாவதை எழுதிப் படமும் எடுத்துவிட்டு இரண்டாவதை எழுதாமலே விடுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை.

அதற்காக, புரிந்துணர்வு என்று தலைப்பு இருந்தால் சட்டம் கட்டுப்படுத்தாது என்று நினைத்து வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். உள்ளே இன்ன திகதிக்குள் இவ்வளவு பணம் கட்டவேண்டும் என்று ஒரு வரி இருந்தால், தலைப்பு உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

யார் கைச்சாத்திடுவது என்பதும் முக்கியம். மாநாட்டில் சந்தித்த பேராசிரியரோடு துறைத் தலைவர் தன் பெயரிலேயே ஒப்பந்தம் செய்துவிடுவதுண்டு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி பல்கலைக்கழகம்தான் சட்டத்தின் முன் ஓர் ஆள். துறையும் பீடமும் அல்ல. ஒப்புதலுக்காகப் பல்கலைக்கழகத்தின் மூதவை, பேரவை என்று சுற்றிவர மாதக்கணக்காகும், தெரியும். ஆனாலும் குறுக்குவழி பார்க்கவேண்டாம்.

மாணவர் பரிமாற்றத்தில்தான் பிள்ளைகள் நேரடியாகப் பாதிக்கப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை ஐரோப்பாவில் ஓர் அரையாண்டு படித்து 30 கிரெடிட்டோடு வந்தாள். இங்கே அது 15தான் என்றதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கணக்கு சரிதான். ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட், இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் ஓராண்டுக்கு 30. அங்கே ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணிநேரப் படிப்பு, இங்கே 50 மணிநேரம். இதை அவளுக்குப் போகும் முன்பே ஒருவரும் சொல்லவில்லை, எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்ற அட்டவணையும் இருக்கவில்லை, அதனால் அந்த 15இலும் சில கிரெடிட்டுகள் ஏற்கப்படாமல் போய், தன் தொகுதிப் பிள்ளைகளுக்குப் பிறகுதான் அவள் பட்டம் எடுத்தாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் பரிமாற்றத் திட்டத்தில், அங்கே என்ன பாடம் படிப்பது, இங்கே அது எதற்கு ஈடு என்று எழுதி மாணவர், அனுப்பும் இடம், ஏற்கும் இடம் என்று மூன்று தரப்பும் கைச்சாத்திடும் கற்றல் உடன்படிக்கை கேட்பது இதற்காகத்தான். அது கேட்காத திட்டமாக இருந்தாலும் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டண விலக்கு என்ற சொல்லை இலவசம் என்று பிள்ளைகளிடம் சொல்லவும் கூடாது. அங்கே வகுப்புக் கட்டணம் இல்லை, அவ்வளவுதான். விமானச் சீட்டு, விசா, காப்புறுதி, தங்குமிடம் எல்லாம் புலமைப்பரிசில் இல்லாவிட்டால் வீட்டுக் காசு. ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் எத்தனை வீட்டால் அது முடியும்?

கூட்டுப் பட்டத்தையும் இரட்டைப் பட்டத்தையும் குழப்பாதீர்கள்: முன்னையது இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து தரும் ஒரே பட்டம், பின்னையதில் இரண்டு பட்டங்கள்.

ஆய்வுக்காரருக்கும் ஒன்று. மட்டக்களப்பு வாவியில் எடுத்த மீன், நீர் மாதிரிகளை நட்பின் பேரில் வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டாம். ஏற்றுமதி அனுமதி தேவையா என்று முதலில் பாருங்கள். மாதிரியை எதற்குப் பயன்படுத்தலாம், கட்டுரையில் யார் பெயர் வரும், காப்புரிமம் யாருக்கு என்பதை மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் எழுதியபின் அனுப்புங்கள். கட்டுரை வெளிவந்தபின் கேட்டுப் பலனில்லை.

கடைசியாக, ஒப்பந்தம் முடியும் திகதியையும் தொடர்பாளரையும் கவனித்து எழுதுங்கள். தொடர்பாளராக ஒருவர் பெயரை மட்டும் போட்டால், அவர் ஓய்வு பெற்றதும் மின்னஞ்சலுக்குப் பதில் போட ஆளிருக்காது. பதவியின் பெயரைப் போடுங்கள். ஒப்பந்தம் இடையில் நின்றாலும் ஏற்கெனவே போன பிள்ளைகள் அந்த அரையாண்டை முடிக்கலாம் என்று ஒரு வரியும் இருக்கட்டும்.