ஸ்டியரிங் பட்டன் புது ஸ்டீரியோவில் வேலை செய்ய
காரில் புது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டியதும் ஸ்டியரிங் பட்டன்கள் செத்துப்போனால் பதற வேண்டாம். பல கார்களில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) அளவு உண்டு. எந்தப் பட்டன் என்பதை அந்த அளவை வைத்துத்தான் ஸ்டீரியோ கண்டுபிடிக்கிறது.

ஸ்டீரியோவின் பின்னால் கீ 1, கீ 2 என்று எழுதிய இரண்டு ஒயர்கள் இருக்கும். ஸ்டியரிங்கிலிருந்து வரும் சிக்னல் ஒயரை அவற்றில் ஒன்றோடு இணையுங்கள். எந்த ஒயர் என்று தெரியாவிட்டால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பழைய ஸ்டீரியோவில் மாட்டியிருந்த காரின் சாக்கெட்டில் சந்தேகப்படும் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் (காரின் உலோக பாடி) நடுவே மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். பட்டனை அழுத்தும்போது எண் மாறினால் அதுதான். நிறத்தை நம்பி இணைக்காதீர்கள், காருக்குக் கார் மாறும்.

அப்புறம் செட்டிங்ஸில் ஸ்டியரிங் பகுதிக்குப் போய், பட்டனை அழுத்திப் பிடித்தபடி திரையில் அதற்குரிய படத்தைத் தொட்டு, கடைசியில் சேமியுங்கள்.

என் மச்சான் காரில் வால்யூம் கூட்டினால் பாட்டு மாறிக்கொண்டிருந்தது. அரை நாள் தேடினோம். கிரவுண்ட் ஒயரின் முறுக்கு லூசாக இருந்தது. சால்டர் வைத்து டேப் சுற்றி, மறுபடி பதிவு செய்ததும் சரியாகிவிட்டது.

பட்டன் தகவல் கேன் பஸ் (காரின் மின்னணுக் கருவிகள் தங்களுக்குள் டிஜிட்டலாகப் பேசிக்கொள்ளும் ஒயர்) வழியாகப் போகும் கார்களுக்கு இந்த முறை உதவாது. அந்த மாடலுக்கான கேன் பஸ் பாக்ஸ் தனியாக வாங்க வேண்டும். எதுவானாலும் ஸ்டியரிங்கை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள், உள்ளே ஏர்பேக் இருக்கிறது.