ஃபிளைட்கியரில் புஷ்பக் விமானத்துக்கு ஆல்டிமீட்டர் பொருத்தியது எப்படி

எங்கள் பெரியப்பா ஃபிளையிங் கிளப் ஒன்றில் மெக்கானிக்காக இருந்தவர். கழற்றிப் போட்ட பழைய ஆல்டிமீட்டர் (விமானத்தின் உயரம் காட்டும் கருவி) ஒன்று அவர் வீட்டு ஷோகேஸில் இருக்கும். அதன் குமிழைத் திருகினால் முள்கள் நகரும். நீள முள் முழுதாக ஒரு சுற்று வருவதற்குள் குட்டை முள் ஒரே ஓர் எண்தான் தாண்டியிருக்கும். லீவுக்குப் போனால் அதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

அவர் கை வைத்த விமானம் புஷ்பக். பெங்களூரு எச்.ஏ.எல். தயாரிப்பு, முதலில் பறந்தது 1958-ல். 90 குதிரைத்திறன் எஞ்சின், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட். அதைத்தான் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்து, ஃபிளைட்கியர் என்ற விமான சிமுலேட்டருக்குள் கொண்டுவந்திருக்கிறேன். உடம்பு முடிந்த பிறகும் பேனலில் (கருவிப் பலகையில்) வெறும் வட்ட ஓட்டைகள்தான் இருந்தன. அவற்றில் ஆல்டிமீட்டரைப் பொருத்திய கதையைச் சொல்கிறேன். மற்ற கருவிகளுக்கும் வழி இதேதான். டேக் (ஃபைலில் வரும் குறிச்சொல்) பெயர்களை உச்சரிப்பாகத் தருகிறேன், ஃபைலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

முதலில் படத்தைத் தொடாதீர்கள். சிமுலேட்டரை ஓடவிட்டு, டீபக் மெனுவில் ப்ராப்பர்ட்டி பிரவுசரைத் திறந்து 'இன்ஸ்ட்ருமென்டேஷன்' கிளைக்குள் போங்கள். அங்கே 'ஆல்டிமீட்டர்', அதற்குள் 'இண்டிகேட்டட்-ஆல்டிட்யூட்-எஃப்டி' என்று ஒரு மதிப்பு இருக்க வேண்டும். விமானம் ஏற ஏற அது மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் கருவி ஏற்கெனவே உள்ளே வேலை செய்கிறது. முகம் வைப்பது மட்டும்தான் நம் பாக்கி. அந்தக் கிளையே இல்லையென்றால், எவ்வளவு அழகாக முள் வரைந்தாலும் அசையாது. ஃபிளைட்கியரோடு வரும் பொதுவான இன்ஸ்ட்ருமென்டேஷன் ஃபைலை உங்கள் விமானத்தின் 'செட்' ஃபைலில் (விமானத்தின் முக்கிய அமைப்பு ஃபைல்) இணைத்துவிட்டு வாருங்கள். இன்னொன்று: வேக்குவத்தில் (காற்று உறிஞ்சலில்) ஓடும், விமானத்தின் சாய்வைக் காட்டும் ஹொரைசன் கருவி, எஞ்சின் நின்றிருக்கும்போது சாய்ந்து கிடக்கும். நிஜ விமானத்திலும் அப்படித்தான், அதைத் திருத்தப் போகாதீர்கள்.

அடுத்தது இடம். ஏர்கிராஃப்ட் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்ட்ருமென்ட்ஸ்-3டி' என்று ஒன்று இருக்கிறது. எல்லோரும் எடுத்துப் பயன்படுத்த வைத்திருக்கும் கருவிகள் அதில் உண்டு. எதையாவது மாற்ற வேண்டுமென்றால் அங்கேயே மாற்றாமல் உங்கள் விமானத்தின் ஃபோல்டருக்குப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த அப்டேட்டில் உழைப்பு அத்தனையும் அழிந்துவிடும். செய்தவர் பெயரையும் ஜி.பி.எல். (கட்டற்ற மென்பொருள்) உரிமக் குறிப்பையும் எடுத்துவிடாதீர்கள்.

பிறகு உங்கள் விமானத்தின் மாடல் எக்ஸ்எம்எல் ஃபைலில் 'மாடல்' டேக் ஒன்று சேர்த்து, 'பாத்' டேக்கில் கருவியின் முகவரியையும் 'ஆஃப்செட்ஸ்' டேக்கில் அது உட்காரும் இடத்தையும் எழுதுங்கள். எக்ஸ் வால் பக்கம், ஒய் வலது பக்கம், இஸட் மேல் பக்கம். கணக்கு மீட்டரில். பிளெண்டரில் விமானத்தின் மூக்கு மைனஸ் எக்ஸ் பக்கம் இருந்தால், ஓட்டையின் நடுவில் ஓர் எம்ப்டியை (இடத்தை மட்டும் குறிக்கும் வெற்றுப் பொருள்) வைத்து அது காட்டும் மூன்று எண்களை அப்படியே எழுதிவிடலாம். பேனல் சாய்ந்திருந்தால் 'பிட்ச்-டெக்' கொடுங்கள். ஓட்டையின் அளவும் முக்கியம். வழக்கமான பெரிய கருவிக்கு 3⅛ அங்குலம், அதாவது சுமார் 79 மில்லிமீட்டர். நான் கண் மதிப்பில் 95 வைத்திருந்தேன், காக்பிட்டே பொம்மை மாதிரி இருந்தது.

முகத்தை நானே செய்தேன், பெரியப்பாவின் ஆல்டிமீட்டரை நேராக மேலிருந்து படம் எடுத்து. வெள்ளை எண்கள் மஞ்சள் பூத்திருக்கின்றன; அந்த நிறத்தை மாற்ற மனம் வரவில்லை. கருவியைத் தனி ஃபைலாகச் செய்து, முள் சுழலும் புள்ளியை ஆரிஜினில் வையுங்கள். 'சென்டர்' டேக்கில் மூன்றும் பூஜ்யமாகிவிடும், தலைவலி பாதி குறையும். முள் டயலை ஒட்டியே இருந்தால் ஓடும்போது மினுமினுக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னால் தள்ளுங்கள்.

அசைவுக்கு 'ரொடேட்' அனிமேஷன். 'ஆப்ஜெக்ட்-நேம்' பிளெண்டரில் வைத்த பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நீள முள்ளுக்கு ஆயிரம் அடி ஒரு சுற்று: 360-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.36. அதுதான் 'ஃபேக்டர்'. குட்டை முள்ளுக்குப் பத்தாயிரம் அடி ஒரு சுற்று, அதனால் 0.036. 'ஆக்ஸிஸ்' டேக்கில் எக்ஸுக்கு மைனஸ் 1 போடுங்கள். பிளஸ் போட்டால் முள் இடப்பக்கம் சுற்றும். வேகமானிக்கு இந்த ஒற்றை எண் போதாது, அதன் கோடுகள் சீரான இடைவெளியில் இருக்காது. டயல் படத்தின் மேல் பாகைமானி வைத்து ஒவ்வொரு எண்ணின் கோணத்தையும் அளந்து 'இன்டர்பொலேஷன்' அட்டவணையாகக் கொடுக்க வேண்டும்.

சரிபார்க்க, கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓடுதளத்தை எடுக்காதீர்கள். நான் சென்னையில் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நம்பினேன். ஐம்பது அடி உயரத்தில் இரண்டு முள்ளும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், தப்பு வெளியே தெரியாது. பிறகு புஷ்பக் பிறந்த ஊரிலேயே நிறுத்துவோம் என்று பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிலையத்துக்குப் போனேன். அதன் உயரம் 2,912 அடி. தரையில் நின்ற விமானம் ஒன்பதாயிரத்துக்கு மேல் காட்டியது! இரண்டு ஃபேக்டரையும் மாற்றிப் போட்டிருந்தேன். திருத்தி, டீபக் மெனுவிலிருந்தே மாடலை மறுபடி ஏற்றினேன். குட்டை முள் மூன்றைத் தொட்டும் தொடாமலும், நீள முள் ஒன்பதைச் சற்றே தாண்டியும் நின்றன. கருவியில் குமிழால் வைக்கும் காற்றழுத்த அளவு அன்றைய வானிலையோடு ஒத்திருந்தால் உங்களுக்கும் இப்படித்தான் வர வேண்டும்.

லேப்டாப்பைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். முள்ளைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "குமிழ் திரும்புமாடா?" திரும்பாது, அது வெறும் படமாகத்தான் இருந்தது. அன்று ராத்திரியே சேர்த்தேன். அனிமேஷன் வகை 'நாப்', கட்டளை 'ப்ராப்பர்ட்டி-அட்ஜஸ்ட்', மாற்ற வேண்டிய மதிப்பு 'செட்டிங்-இன்ஹெச்ஜி' (பாதரச அங்குலத்தில் காற்றழுத்த அளவு), ஒரு தட்டுக்கு 0.01. அது சுமார் பத்து அடி. மறுநாள் காலை அவர் மவுஸ் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்தினார். ஒவ்வொரு பல்லுக்கும் நீள முள் ஒரு நூல் நகர்ந்தது. காபி ஆறியும் அவர் கையை எடுக்கவில்லை.