கேஒய்சி கேட்காத எக்ஸ்சேஞ்சை உரசிப் பார்ப்பது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளி வாங்க வருகிறவர் விலையை மட்டும் கேட்டால் ஏமாந்துதான் போவார். டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, கூலி எவ்வளவு, நாளைக்கே திருப்பிக் கொண்டுவந்தால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்க வேண்டும். கேஒய்சி, அதாவது ஆதார், பான் வைத்து அடையாளம் சரிபார்ப்பது, வேண்டாம் என்கிற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளையும் (கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் தளங்கள்) நான் அப்படித்தான் ஒப்பிடுகிறேன், அதுவும் கடைசிக் கேள்வியிலிருந்து.

போட்ட காசு வெளியே வருமா? "கேஒய்சி வேண்டாம்" என்கிற தளங்கள் பலவற்றில் கணக்கு திறக்க மட்டும்தான் அது வேண்டாம். ஒரு வரம்புக்கு மேல் எடுத்தாலோ, அவர்களுக்குச் சந்தேகம் வந்தாலோ பாஸ்போர்ட் கேட்பார்கள். கொடுக்கும்வரை காசு உள்ளேயே கிடக்கும். எனவே விதிமுறையில் 'வித்டிராவல்' (பணம் எடுப்பது) பகுதியை முதலில் படியுங்கள். அதுவும் மாறக்கூடியதுதான். கூகாயின் என்கிற எக்ஸ்சேஞ்ச் 2023 ஜூலையில் புதியவர்களுக்குக் கேஒய்சியைக் கட்டாயமாக்கியது.

அடுத்து, சாவி, அதாவது காயினை நகர்த்தும் ரகசிய எண், யார் கையில்? யூனிஸ்வாப் என்கிற, நிறுவனம் கையில் காசு வைக்காத தளத்தில் காயின் உங்கள் வாலட்டிலேயே (காயின் வைக்கும் செயலி) இருக்கும், யாரும் அடையாளம் கேட்பதில்லை. ஆனால் அங்கே ஒரு டோக்கனை (காயின் வகை) கொடுத்து இன்னொன்றை வாங்கலாம், அவ்வளவுதான். ரூபாய் வராது. ஆட்கள் நேருக்கு நேர் பிட்காயின் விற்று வாங்கும் பிஸ்க்கில் வாங்குபவர், விற்பவர் இருவருமே முன்பணம் பூட்டி வைக்க வேண்டும். ஏமாற்றினால் அது போய்விடும் என்ற பயம்தான் அங்கே காவல்.

கட்டணத்தைப் பார்க்கும்போது "கமிஷன் இல்லை" என்பதை நம்பாதீர்கள், அது ரேட்டுக்குள் ஒளிந்திருக்கும். ஒப்பிடும் இரண்டு தளத்தையும் ஒரே நிமிடத்தில் திறந்து, 100 யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய காயின்) கொடுத்தால் நெட்வொர்க் கட்டணமும் (காயினை அனுப்பும் செலவு) போக கையில் என்ன நிற்கும் என்று நோட்டில் எழுதுங்கள்.

ரூபாய்தான் உண்மையான வில்லங்கம். ஒருமுறை பி2பியில் (ஆளுக்கு ஆள் நேரடி வியாபாரம்) முகம் தெரியாத ஒருவருக்குக் காயின் விற்றேன். பணம் யுபிஐயில் வந்தது. மூன்றாம் நாள் என் வங்கிக் கணக்கு முடங்கியது. யாரோ ஏமாந்து புகார் கொடுத்த பணமாம் அது. வெள்ளிக் கட்டி வாங்க வைத்திருந்த காசும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. வேறு மாநிலத்து போலீசுக்குக் கடிதம் எழுதி எழுதிக் கணக்கு திறக்க நான்கு மாதம். அந்த விற்பனையில் கிடைத்த லாபம் ஒரு கொலுசுக்கு மெருகு போடக்கூடக் காணாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2023 மார்ச்சில் கிரிப்டோ நிறுவனங்களைப் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். இங்கே சேவை தர நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிய வேண்டும், பதிந்தால் கேஒய்சி கேட்டே ஆக வேண்டும். பதியாத ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு அந்த ஆண்டு டிசம்பரில் நோட்டீஸ் போனது, பைனான்ஸ் (Binance) என்கிற எக்ஸ்சேஞ்சும் அதில் உண்டு. தளம் ஆதார் கேட்காவிட்டாலும் லாபத்துக்கு 30 சதவீத வரி உங்கள் தலையில்தான். நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

இதெல்லாம் தெரிந்தும் முயல்வதென்றால், முதலில் ஆயிரம் ரூபாய் மதிப்புக்குப் போட்டு மறுநாளே முழுவதையும் எடுத்துப் பாருங்கள். "ஆயிரம்தானே மாமா" என்று அக்கா மகன் ஒரு தளத்தில் இறங்கினான். போட்டது பத்து நிமிடத்தில் ஏறியது. எடுப்பதற்கு ஆறு நாள், மூன்று மின்னஞ்சல், கடைசியில் ஆதாரைக் கையில் பிடித்தபடி ஒரு செல்பி. அந்தத் தளத்தின் பெயரை நோட்டில் அன்றைக்கே அடித்துவிட்டேன்.