துருத் தண்ணீரில் எந்த உலோகம் எங்கே நிற்கும்: மூன்று வாளியில் பார்க்கலாம்

மலையை வெட்டிய இடத்திலோ கல் உடைத்துக் கைவிட்ட இடத்திலோ செந்நிறத் தண்ணீர் கசிந்தால் உடனே சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள். இலங்கை மலையகத்தில் செந்நிற ஊற்றெல்லாம் அமிலத் தண்ணீர் இல்லை. மேலே எண்ணெய் மாதிரிப் படலம் மினுங்கினால் குச்சியால் தொட்டுப் பாருங்கள்: சில்லு சில்லாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புப் பற்றீரியா, மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய். அப்புறம் பிஎச் (அமிலத்தன்மை அளவு, 7க்குக் கீழே போகப்போக அமிலம் கூடும்) பாருங்கள். 4க்குக் கீழே இருந்தால், பாறையிலுள்ள பைரைட்டு (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது என்று சந்தேகப்படலாம். அந்த அமிலம்தான் மற்ற உலோகங்களையும் கரைத்துக் கொண்டுவருகிறது.

தண்ணீர் தெளிந்துவிட்டால் உலோகம் போய்விட்டது என்று நம்பவே கூடாது. ஒட்சியேறிய இரும்பு பிஎச் 3.5 அளவிலேயே துருவாகப் படியும், 5 ஆகும்போது அலுமினியம் வெள்ளையாகப் படியும். நாகமும் கட்மியமும் மங்கனீசும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தே போகும்.

சரி, வாளிக்கு வருவோம். பெரிதாகக் கட்டுவதற்கு முன், தண்ணீரை ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு ஓடவிட்டு மூன்று வாளியில் சுத்திகரிப்பைச் சோதித்துப் பார்ப்பதுதான் இது. முதல் வாளியின் அடியில் சுண்ணாம்புக்கல் சல்லி, மேலே மக்கிய மாட்டெரு, மரத்தூள், நறுக்கிய மானாப்புல். அடியில் குழாய் மாட்டி அதன் வாயை எருவின் மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள், எரு எப்போதும் மூழ்கியே இருக்கும். கல் விஷயத்தில் கவனம்: மாத்தளை, திகனைப் பக்கம் கிடைப்பது டொலமைட், தேயிலைக்குப் போடுவதும் அதுதான், ஆனால் மெதுவாகத்தான் கரையும். கல்லில் வினாகிரி விட்டால் நல்ல சுண்ணாம்புக்கல் அப்படியே நுரைக்கும். டொலமைட்டைத் தூளாக்கினால்தான் லேசாகப் பொங்கும்.

தண்ணீர் நிரப்பி இரண்டு வாரம் விடுங்கள். ஒட்சிசன் இல்லாத எருவில் பற்றீரியா சல்பேற்றைச் சல்பைட்டாக்கும், செம்பு, நாகம், கட்மியம் அதோடு சேர்ந்து அங்கேயே பிடிபடும். கிளறினால் எரு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது. முதலில் வரும் பழுப்புத் தண்ணீரைப் பீலிப் (ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் இடம்) பக்கம் விட வேண்டாம்.

இரண்டாவது வாளி வெறும் வாளி. தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றுப் படட்டும், இரும்பு துருவாகி ஒரு நாளில் அடியில் தங்கட்டும். போகிற போக்கில் ஆசனிக்கையும் அதுவே இழுத்துக்கொள்ளும். மங்கனீசு கடைசிதான், ஏனென்றால் கரைந்த இரும்பு மிச்சமிருந்தால் படிந்த கறுப்பு மங்கனீசை அது திரும்பக் கரைத்துவிடும். மூன்றாவது வாளியில் ஆழமில்லாமல் சுண்ணாம்புக்கல் பரப்பி, ஓடையில் கறுப்பேறிய கல் இரண்டு கை அள்ளிப் போடுங்கள். அதிலுள்ள பற்றீரியா இல்லாமல் மங்கனீசு பிஎச் 9 வரை அசையாது, இருந்தால் 7 பக்கமே படியும், மிச்ச நாகத்தையும் நிக்கலையும் அந்தக் கறுப்புப் படிவு பிடித்துக்கொள்ளும்.

கரைந்த உலோகம் எவ்வளவு, துகளாக இருப்பது எவ்வளவு என்று ஆய்வுகூடத்தில் பிரித்துப் பார்க்க ஒவ்வொரு வாளியிலும் இரண்டு போத்தல் எடுங்கள்: ஒன்று 0.45 மைக்ரோன் வடியில் வடித்தது, ஒன்று வடிக்காதது. வடித்த பிறகுதான் நைத்திரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். முதலிலேயே விட்டால் துகளும் கரைந்து கணக்குக் கெடும்.

பெரிதாகக் கட்டும்போது இடம்தான் பிரச்சினை. 20 லீட்டர் வாளி 40 செக்கனில் நிறைந்தால் செக்கனுக்கு அரை லீட்டர். அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் 14 மணி நேரம் நிற்க 25,200 லீட்டர் இடைவெளி வேண்டும், கல்லில் பாதி வெற்றிடம் என்றாலும் 50 கன மீட்டர் கல். மலைச் சரிவில் அதற்குத் தட்டு வெட்டுவதே பெரிய வேலை. மே மாத மழையில் ஒரு தடவை, பெப்ரவரி வெயிலில் ஒரு தடவை அளந்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். வெயிலில் எரு காய்ந்தால் சல்பைட்டு மறுபடி ஒட்சியேறும், மாதக்கணக்கில் பிடித்து வைத்த நாகமும் கட்மியமும் முதல் மழையோடு கீழே லயத்துப் பீலிக்கு இறங்கிவிடும்.