பாலா, மாலையா? காது மந்தமான பெரியவர்களிடம் பேசும் முறை

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், காது மந்தமான பெரியவர் ஒருவரிடம் பேசுவது என்றால் குரலை உயர்த்துவதுதான் வழி என்றே பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பெரும்பாலும் தவறானது. வயது மூப்பினால் வரும் செவிக்குறைவு பொதுவாக உயர்ந்த அதிர்வெண்களில்தான் முதலில் தொடங்குகிறது. உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களிலும், ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பலவற்றின் தெளிவு உயர்ந்த அதிர்வெண்களிலும் இருப்பதால், "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை" என்று அவர் சொல்வது முழு உண்மை. கத்தினால் உயிரொலிதான் பெருகுகிறது, மெய்யொலி தெளிவாவதில்லை. மேலும், உட்செவி பழுதடைந்தவர்களில் பலருக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பலத்த ஒலி மற்றவர்களைப் போலவே காதைத் துளைக்கும். "ஏன் இப்படிக் கத்துகிறாய்" என்று அவர் கோபிப்பதற்குக் காரணம் அதுதான், வயதின் முசுடு அல்ல.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, அருகில் செல்வது. தூரம் பாதியானால் காதை எட்டும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். சமையலறையிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுப்பதை விட்டு, மூன்று நான்கு அடி தொலைவில், அவர் கண்ணில் படும்படி முன்னால் வந்து நின்று, முதலில் கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் முகம் அவருக்குக் கரிய நிழலாகத்தான் தெரியும். மே மாத மும்பையில் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது என்றாலும், மிக்ஸியையும் தொலைக்காட்சித் தொடரையும் இரண்டு நிமிடம் நிறுத்தலாம்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்கும் எல்லை உண்டு. ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒரே மாதிரி மூடித் திறக்கின்றன. க, ண, ற போன்றவை வாய்க்குள்ளேயே பிறப்பதால் வெளியில் சரியாகத் தெரிவதே இல்லை. "பாலை வாங்கி வா" என்பதும் "மாலை வாங்கி வா" என்பதும் உதட்டளவில் ஒன்றுதான். மாட்டுங்காவில் பாலும் பூமாலையும் அருகருகே கிடைக்கும் என்பதால் எதை வாங்கி வந்தாலும் அதில் நியாயம் இருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது சூழல். எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்: "காப்பி போடப் பால் இல்லை. ஒரு பாக்கெட் வாங்கி வர முடியுமா?" முன்வாக்கியம் கேட்டுவிட்டால் பின்வாக்கியத்தின் பாதியை மூளையே நிரப்பிக்கொள்ளும்.

தமிழ் பேசுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் வாக்கியத்தின் கடைசிச் சொல். நம் மொழியில் ஆமா, இல்லையா, யார், எப்போது என்பதெல்லாம் வினைமுற்றில் வருகிறது. அதே இடத்தில்தான் நாம் மூச்சு விட்டுக் குரலைத் தாழ்த்துகிறோம். "இந்த மாத்திரை இனிமேல் வேணும்", "இந்த மாத்திரை இனிமேல் வேணாம்" என்ற இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் உயிரொலி. உயிரொலி எளிதாகக் கேட்கக்கூடியதே என்றாலும், குரல் அடங்கும் இடத்தில் அதுவும் கரைந்துவிடுகிறது. எங்கள் வீட்டிலேயே, நிறுத்தச் சொன்ன மாத்திரையை என் மாமியார் பத்து நாள் விடாமல் சாப்பிட்டார். அவர் காதில் விழுந்தது "மாத்திரை" என்ற சொல் மட்டுமே. இப்போது மறுப்பு எதுவானாலும் தலையை அசைத்து, கையையும் ஆட்டி, "வேண்டாம், நிறுத்திவிடுங்கள்" என்று இரண்டு சொல்லாகச் சொல்கிறோம். எண்களிலும் இதே ஆபத்து உண்டு. எழுபது, எண்பது இரண்டும் ஒரே வாலோடு முடிவதால், "எட்டு, சைபர்" என்று பிரித்துச் சொல்வது அல்லது தாளில் எழுதிக் காட்டுவது நல்லது.

ஒரு வாக்கியம் இரண்டு முறை சொல்லியும் எட்டவில்லை என்றால், மூன்றாம் முறை அதையே சொல்லாமல் சொல்லை மாற்றுங்கள். "மாத்திரை" விழவில்லை என்றால் "காலையில் போடும் மருந்து" விழலாம். "புரிந்ததா?" என்று கேட்பதால் பயன் இல்லை. எத்தனை முறைதான் கேட்பது என்ற கூச்சத்தில் அவர் தலையாட்டிவிடுவார். "அப்படியானால் நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்று பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட மோசமானது, அவர் "என்ன?" என்று கேட்கும்போது "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று சொல்வது. "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்ற பழமொழியையும் அந்த வீட்டில் புழங்காமல் இருப்பது உத்தமம்.

மும்பைத் தமிழ் வீடுகளுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. பேரக்குழந்தைகள் ஒரே வாக்கியத்தில் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறார்கள். அரைகுறையாகக் கேட்டதை ஊகித்து நிரப்புகிறவருக்கு, எந்த மொழியின் சொல்லை ஊகிப்பது என்பதே தெரியாமல் போகிறது. தாத்தாவிடம் பேசும் ஒரு வாக்கியமாவது ஒரே மொழியில் முடியட்டும். செவிப் பரிசோதனையிலும் இது முக்கியம். சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையை இந்தியிலோ மராத்தியிலோ செய்தால், காதின் குறையோடு மொழியின் குறையும் சேர்ந்து கணக்காகிவிடும். தமிழ்ச் சொற்களில் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பாந்த்ரா மேற்கில், 1983-இல் தொடங்கப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் பேச்சு, செவித்திறன் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் காது மந்தமானவர் என்றும், 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும் வகுக்கிறது. அரசு அடையாள அட்டைக்கு இந்த அளவீடு தேவைப்படும். ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் கேளாமல் போனால் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும், தாமதித்தால் சிகிச்சையின் பலன் குறையும்.

காதுக் கருவி வாங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது குக்கர் விசிலையும் சேர்த்தே பெருக்கும். பழகச் சில வாரங்கள் ஆகும், அதுவரை அமைதியான அறையில் நாளுக்குச் சில மணி நேரம் போட்டுப் பழகுவது நல்லது. கருவி கீச்சிட்டால் காதுக்குள் செருகும் அச்சு சரியாகப் பொருந்தவில்லை அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது என்று பொருள். காற்றுப் பட்டதும் இயங்கத் தொடங்கும் துத்தநாகக் காற்று (zinc-air) பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும், உடனே உள்ளே போடாமல் ஐந்து நிமிடம் காற்றாட வைத்தால் நன்றாக உழைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மும்பை மழையின் ஈரப்பதம் கருவிக்குப் பகை; இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில், பேட்டரிக் கதவைத் திறந்து வைப்பது அவசியம்.

வெளியில் போகும்போது, லோக்கல் ரயில் நிலைய அறிவிப்பை நம்பாமல் நடைமேடையில் ரயில் விவரம் காட்டும் இண்டிகேட்டர் பலகையைப் பார்க்கப் பழக்குங்கள். மருத்துவமனையில் முகக்கவசம் உதட்டை மறைத்துவிடுவதால், சொல்வதை எழுதித் தரும்படி கேட்பதில் தவறில்லை. கைபேசியில் பேச்சை எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழிலும் இயங்கும். பேச்சு வழக்கில் தடுமாறும், நிறுத்தி நிதானமாகப் பேசினால் பெரும்பாலும் தேறிவிடும். பிறவியிலேயே காது கேளாதவர்களின் நிலை வேறு: அவர்களில் பலருக்கு முதல் மொழி இந்திய சைகை மொழி, அதன் இலக்கணம் தமிழுடையது அல்ல, ஆகையால் எழுதிக் காட்டினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது.

காதோடு கண்ணும் மங்கியவர்களுக்கு மேற்சொன்ன வழிகளில் பாதி உதவாது. உதடும் எழுத்தும் தெரியாதபோது மிஞ்சுவது தொடுதல். பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிடுவார். முன்புறமாக வந்து, தோளிலோ புறங்கையிலோ மெல்லக் கை வைத்து, வந்திருப்பது யார் என்று காட்ட, வீட்டில் ஒவ்வொருவரும் ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்ளலாம்: மகளின் வளையல், பேரனின் கைக்கடிகாரம். எழுத்தறிந்தவர் என்றால் உள்ளங்கையில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் காட்டலாம். நாற்காலி, தண்ணீர்ச் செம்பு, செருப்பு எதையும் சொல்லாமல் இடம் மாற்றக் கூடாது. அறையை விட்டு எழுந்து போகும்போதும் கையைத் தொட்டுத் தெரிவித்துவிட்டே போக வேண்டும். இல்லாவிட்டால் வெற்று நாற்காலியிடம் அவர் பேசிக்கொண்டிருப்பார்.