உருளைக்கிழங்கு வறுவல பொன்னிறத்துல நிறுத்துறது எப்படி, ஏன்

நம்ம வீட்டுல ரோஸ்ட்னா நல்லா செவந்து ஓரமெல்லாம் கொஞ்சம் கருகினாத்தான் ருசின்னு ஒரு பழக்கம், எங்க வீட்டுலயும் அப்படித்தான் இருந்துச்சு, ரொம்ப செவக்க வறுக்கும்போது உருவாகற, கேன்சர் தரலாம்னு சந்தேகப்படற அக்ரிலமைடுங்கற ரசாயனத்த பத்தி படிச்சப்புறம் நான் மாத்திக்கிட்டேன். எப்படி செய்யறதுன்னு சொல்றதுக்கு முன்னாடி இதை கண்டுபிடிச்ச கதையை சொல்லிடறேன், அது தெரிஞ்சா கை தானா அடுப்ப குறைக்கும்.

1997ல ஸ்வீடன் தெற்குல ஹாலண்ட்ஸோஸ்னு ஒரு மலையில ரயில் சுரங்கம் தோண்டிட்டு இருந்தாங்க. உள்ள தண்ணி கசியுதுன்னு அடைக்கறதுக்கு அக்ரிலமைடு கலந்த ஒரு கலவைய பாறைக்குள்ள செலுத்தினாங்க, அது சரியா இறுகாம ஓடையில கலந்து மீன் செத்துச்சு, அந்த தண்ணிய குடிச்ச மாடுங்களுக்கு கால் விளங்காம போச்சு, வேலை செஞ்சவங்களுக்கும் கை கால் மரத்துப்போச்சு. ஸ்டாக்ஹோம் யுனிவர்சிட்டி கெமிஸ்ட் மார்கரெட்டா டோர்ன்க்விஸ்ட் டீம் அவங்க ரத்தத்த டெஸ்ட் பண்ணாங்க. அக்ரிலமைடு ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினோட ஒட்டிக்கும், அந்த தடத்த அளந்தா உடம்புக்குள்ள எவ்வளவு போச்சுன்னு தெரியும். ஒப்பிட்டு பார்க்கறதுக்குன்னு சுரங்கத்துக்கு சம்பந்தமே இல்லாத, சிகரெட் பழக்கமும் இல்லாத ஆளுங்க ரத்தத்தயும் எடுத்தாங்க, பார்த்தா அவங்ககிட்டயும் கொஞ்சம் இருக்கு!

எங்கிருந்து வந்துச்சு? நிறைய பேர் இத மெஷின் தப்புன்னு ஒதுக்கியிருப்பாங்க. இவங்க விடல, சாப்பாடா இருக்குமோன்னு யோசிச்சு எலிகளுக்கு வறுத்த தீனி போட்டு பார்த்தாங்க, எலி ரத்தத்துல அளவு ஏறுச்சு, 2000ல அத வெளியிட்டாங்க. 2002 ஏப்ரல்ல ஸ்வீடன் உணவுத்துறையும் யுனிவர்சிட்டியும் சேர்ந்து சிப்ஸ், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், ரொட்டியிலெல்லாம் இது இருக்குன்னு அறிவிச்சாங்க. எனக்கு இதுல ரொம்ப பிடிச்சதே அந்த சம்பந்தமில்லாத ரத்தத்த அவங்க மதிச்சதுதான்.

சரி, இது எப்படி உருவாகுது? உருளைக்கிழங்குல அஸ்பரஜின்னு ஒரு அமினோ அமிலம் நிறைய இருக்கு, அது குளுக்கோஸ் மாதிரி சர்க்கரையோட சேர்ந்து 120 டிகிரிக்கு மேல சூடாகும்போது அக்ரிலமைடு வருது. செவப்பு நிறமும் வறுவல் வாசனையும் வர்றதும் இதே வேலையிலதான், அதனால நிறத்த பார்த்தே நாம ஓரளவு கணக்கு போடலாம். ஈரம் இருக்கற வரைக்கும் கிழங்கோட மேல்பக்கம் 100 டிகிரிய தாண்டாது, ஈரம் போய் காஞ்சு செவக்கற அந்த கடைசி ரெண்டு மூணு நிமிஷத்துலதான் அதிகமா சேருது. இட்லி, அவிச்ச கிழங்கு, குருமா இதுக்கெல்லாம் இந்த கவலையே வேண்டாம்.

இப்ப செய்முறை. கிழங்க நறுக்கினதும் தண்ணியில 15லேர்ந்து 30 நிமிஷம் ஊற வைங்க, சர்க்கரையும் அஸ்பரஜினும் கொஞ்சம் தண்ணியில இறங்கிடும், அந்த தண்ணிய கொட்டிட்டு துணியில நல்லா ஒத்தி எடுங்க, ஈரத்தோட போட்டா எண்ணெய் தெறிக்கும். நான் ரோஸ்ட்டுக்கு இன்னும் ஒண்ணு பண்றேன், முக்கால் வேக்காடா வேகவச்சு வடிச்சுட்டுத்தான் கடாயில போடுவேன், உள்ள ஏற்கனவே வெந்துட்டதால கடைசியில மசாலா பிடிக்க கொஞ்ச நேரம் புரட்டினா போதும், அடுப்புல ரொம்ப நேரம் நிக்க வேண்டியதில்ல. ரொம்ப மெல்லிசா நறுக்காதீங்க, துண்டு பெருசா இருந்தா செவக்கற மேல்பரப்பு குறைவு.

எண்ணெய் புகையற வரைக்கும் காயவிடாதீங்க, ஐரோப்பாவுல ஃப்ரைஸ் போடறவங்களுக்கே 175 டிகிரிக்கு கீழன்னுதான் ரூல். தெர்மாமீட்டர் இல்லன்னா ஒரு துண்டு போட்டு பாருங்க, நிதானமா நுரைச்சு வரணும், போட்டவுடனே செவந்தா தீய குறைங்க. வைக்கோல் நிறத்துலேர்ந்து பொன்னிறத்துக்கு மாறும்போதே எடுத்துடுங்க, எடுத்தப்புறமும் அந்த சூட்டுல இன்னும் கொஞ்சம் செவக்கும். கருகின ஓரத்த பிள்ளைங்களுக்கு தராதீங்க, உடம்பு எடைக்கு கணக்கு பார்த்தா பெரியவங்கள விட அவங்களுக்குத்தான் அதிகமா போகுதுன்னு ஐரோப்பிய உணவு பாதுகாப்பு ஆணையம் 2015ல சொல்லியிருக்கு.

சில கிழங்கு உள்ள வேகறதுக்குள்ள வெளிய கறுத்துடும் கவனிச்சிருக்கீங்களா, அது கோல்டு ஸ்டோரேஜ்ல இருந்து இனிப்பு ஏறின கிழங்கா இருக்கலாம், ரொம்ப குளிர்ல மாவுச்சத்து சர்க்கரையா மாறும். அத வறுக்காதீங்க, சாம்பாருக்கோ மசாலாவுக்கோ அவிச்சு போட்டுடுங்க. வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமான்னா, வைக்காதீங்கன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்த பிரிட்டன் உணவு ஏஜென்சி 2023ல பெரிய வித்தியாசம் இல்லன்னு மாத்தி சொல்லிடுச்சு, நான் எதுக்கும் வறுக்கறதுக்குன்னு வாங்கினத கூடையில வெளியிலயே வைக்கறேன்.

பயந்துபோய் வறுவலையே விட்டுடணுமான்னு கேப்பீங்க. எலிகளுக்கு அதிக அளவு கொடுத்தப்ப கேன்சர் வந்துச்சு, அதனால உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சி நிறுவனம் 1994லயே இத மனுஷங்களுக்கு அனேகமா கேன்சர் தரக்கூடியதுன்னு சேர்த்துடுச்சு. ஆனா சாப்பாட்டுல வர்ற அளவுக்கு மனுஷங்ககிட்ட நடந்த ஆய்வுங்க ஒரே மாதிரி பதில் தரல. அதனால தினமும் வேண்டாம், வாரத்துல ஒரு நாள் பண்ணுங்க, அதையும் பொன்னிறத்துல இறக்குங்க. ப்ரெட் டோஸ்ட்டுக்கும் இதேதான், கறுத்துப்போச்சுன்னா சுரண்டி எடுத்துட்டு சாப்பிடுங்க.